ஆடிக் காற்றும் அப்பாவின் முழங்காலும்

அன்புள்ள மகனுக்கு,

இந்தக் கடிதத்தில் இருப்பதையெல்லாம் நம் மாவு மில்லுக்கு வந்து போகிறவர்கள் ஏற்கெனவே கேட்டுவிட்டார்கள். மிளகாய் அரைக்க வந்தவர்கள் கேட்டார்கள், கேழ்வரகு கொண்டு வந்தவர்கள் கேட்டார்கள். கனகம்மாசத்திரத்திலிருந்து மஞ்சள் மூட்டையோடு வந்த ஒரு பெரியவர் முழுவதையும் கேட்டுவிட்டு, "பையன் வருவாம்மா, நீ இன்னாத்துக்கு கத்திகினு கீற" என்று எனக்கே சமாதானம் சொல்லிவிட்டுப் போனார். கேட்காதவன் நீ ஒருவன்தான். போனில் சொல்லலாம் என்றால் நான் வாயைத் திறக்கும்போதே "ஒரு நிமிஷம்மா" என்கிறாய். அந்த ஒரு நிமிஷம் முடிந்து நீ திரும்பி வந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். இதில் ஒளிவுமறைவு ஒன்றும் கிடையாது. உன் ஆபீசில் யார் வேண்டுமானாலும் படிக்கட்டும், உன் மேலதிகாரி படித்தால் இன்னும் நல்லது.

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பாதியில் எழுந்து போய்விடுவாய். ஆடிக் கிருத்திகை வருகிறது. உன் பேரில் வேண்டிக்கொண்ட காவடியை எடுக்க நீ இந்த வருஷமும் வராவிட்டால், உன் அப்பா எடுக்கப் போகிறார். ரயில்வேயில் வெயிலிலும் மழையிலும் தண்டவாளத்தோடு நடந்து நடந்து தேய்ந்துபோன முழங்காலோடு எடுக்கப் போகிறார். அரக்கோணத்து எலும்பு டாக்டர் படி என்ற பேச்சே கூடாது என்று சொல்லி அனுப்பிய முழங்கால் அது. நான் சொல்லிப் பார்த்தேன், சண்டை போட்டேன், ஒரு வேளை சாப்பிடாமல் கூட இருந்து பார்த்தேன். அவர் மசியவில்லை. முருகன் கோபம் தணிந்த மலை என்று ஊரே சொல்லும் மலைக்கு எதிரிலேயே கடை வைத்திருக்கிறேன். எனக்கு மட்டும் தணிய மாட்டேன் என்கிறது.

உன் வேலையைக் குறைத்துச் சொல்கிறேன் என்று நினைக்காதே. எனக்கு அது புரியவில்லை என்றும் நினைக்காதே. நீ போனில் மற்றவர்களிடம் பேசுவதைக் கேட்டுக் கேட்டே எனக்குப் பாதி வேலை தெரியும். தெற்கே காற்றாலைகள் சுற்றுகின்றன, வடக்கே பாலைவனத்தில் கண்ணுக்கு எட்டிய தூரம்வரை சோலார் பேனல் விரித்து வைத்திருக்கிறார்கள். நாளைக்குக் காற்று எவ்வளவு அடிக்கும், மேகம் எப்போது வரும், அதனால் எந்தக் கால் மணி நேரத்தில் எவ்வளவு கரண்ட் கிடைக்கும் என்று நீ இன்றைக்கே கணக்குப் போட்டுச் சொல்ல வேண்டும். அதை வைத்துத்தான் நாடு முழுக்க கரண்டை வாங்கி விற்கிறார்கள். நிலக்கரி எரிப்பது மெல்ல மெல்லக் குறைய வேண்டும் என்றால் உன்னைப் போன்றவர்கள் அங்கே உட்கார்ந்துதான் ஆக வேண்டும். இவ்வளவும் எனக்குத் தெரியும். பெண் பார்க்கப் போன இடத்தில் இதை விளக்கத்தான் எனக்குத் தெரியவில்லை.

நகரியில் ஹேமாவைப் பெண் பார்க்கப் போனபோது அவள் மாமா நேராகவே கேட்டார். "பையன் இன்னா வேலைங்க பண்றாரு?" நான் பெருமையாக, "காத்து எவ்ளோ அடிக்கும்னு முன்னாடியே சொல்ற வேலைங்க" என்றேன். அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "ஜோசியமா?" என்றார். உன் அப்பா அவசரமாகக் குறுக்கே விழுந்து, "கரண்ட் ஆபீசு மாதிரிங்க, பிரைவேட்டு" என்று சொன்ன பிறகுதான் காப்பியே வந்தது. அன்றைக்கு உனக்குச் சிரிப்பாக இருந்தது. எனக்கு எப்படி இருந்தது என்று நீ கேட்கவில்லை. இந்தச் சம்பந்தம் கைகூடியது அந்தப் பெண்ணின் நல்ல மனசால், உன் காற்றால் அல்ல.

பிறகு முகூர்த்தம் பார்த்தோம். ஜோசியர் ஆவணியில் நல்ல நாளாக எடுத்துக் கொடுத்தார். நீ என்ன சொன்னாய்? "ஆவணி வேணாம்மா, காத்து சீசன் முடியட்டும், ஐப்பசிக்கு மேல வெச்சுக்கலாம்." அதை அப்படியே அவரிடம் போய்ச் சொன்னேன். அந்த மனிதர் செவ்வாய் தோஷம் பார்த்திருக்கிறார், ராகு கேது பார்த்திருக்கிறார், இந்தத் தோஷத்தை அவர் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை. என் முகத்தையும் பஞ்சாங்கத்தையும் மாறி மாறிப் பார்த்தார். கடைசியில் உனக்காகக் கல்யாணத்தையே ஐப்பசிக்குத் தள்ளி வைத்தோம். பெண் வீட்டாரும் ஒன்றும் சொல்லவில்லை. நிச்சயதார்த்தத்தில் தட்டு மாற்றுகிற நேரத்தில் நீ போனைப் பார்த்துக்கொண்டே எழுந்து மாடிப்படிப் பக்கம் போனாயே, அப்போதும் அவர்கள் ஒன்றும் சொல்லவில்லை. ஹேமா மட்டும் பிறகு என்னிடம் மெதுவாகக் கேட்டாள். "அத்தை, இவரு எப்பவும் இப்படித்தானா, இல்ல இன்னிக்கி மட்டுமா?" நான் இன்றைக்கு மட்டும்தான் என்று சொல்லி வைத்திருக்கிறேன். அந்தப் பொய்யை நீதான் காப்பாற்ற வேண்டும்.

சோலார் பேனல் விஷயத்துக்கு வருகிறேன். மில் கூரை மேல் பேனல் போடலாம் என்று நீ சொன்னபோது நான் ஒத்துக்கொண்டது சோலார் மேல் இருந்த ஆசையால் அல்ல. பேனலைக் காரணம் வைத்தாவது நீ ஊர்ப்பக்கம் வருவாய் என்றுதான். வந்தாய், பேனல் மாட்டுகிறவர்களோடு நின்றாய், அன்றைக்கே சென்னைக்குப் போய்விட்டாய். போகும்போது ஒரு வேலை வைத்துவிட்டுப் போனாய். "மதியத்துல மில்லு ஓட்டும்மா, அப்பதான் வெயிலு. சாயங்காலத்துல கொறைச்சிக்கோ." எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டாய். நம் மில்லுக்கு ஜனங்கள் எப்போது வருகிறார்கள் என்று இங்கேயே பிறந்து வளர்ந்த உனக்குத் தெரியாதா? காலையில் வேலைக்குப் போகிற வழியில் டப்பாவை வைத்துவிட்டுப் போவார்கள். சாயங்காலம் அரக்கோணம் வண்டியில் இறங்கியதும் வந்து நிற்பார்கள், எல்லாருக்கும் ஒரே நேரத்தில் வேண்டும். மதியத்தில் நானும் மெஷினும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு ஈ ஓட்டிக்கொண்டிருப்போம்.

ஆனாலும் நீ சொன்னாயே என்று முயற்சி செய்தேன். காலையில் டப்பாவை வைத்துவிட்டுப் போங்கள், மதியம் அரைத்து வைக்கிறேன், சாயங்காலம் வந்து எடுத்துக்கொள்ளுங்கள் என்று ஒவ்வொருவரிடமும் சொன்னேன். கொஞ்சம் பேர் கேட்டார்கள். பெரும்பாலோர் கேட்கவில்லை. மாவு கண் முன்னால் அரைபட வேண்டும், சூடாகக் கையில் வாங்க வேண்டும். தங்களுக்கு முன்னால் மெஷினில் யாருடைய மிளகாய் ஓடியது என்று பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் அவர்களுக்கு நம்பிக்கை இல்லை. பள்ளிப்பட்டிலிருந்து பஸ்ஸில் வரும் ஒரு அம்மா, "வெயிலுக்காக நாங்க மாறணுமா, எங்களுக்காக வெயிலு மாறக்கூடாதா?" என்று கேட்டார். நான் அதை உன்னிடம் சொன்னபோது நீ சிரிக்கவில்லை. "கரெக்டா சொன்னாங்கம்மா, நாடு முழுக்க இதான் பிரச்சனை" என்றாய். மதியத்தில் கரண்ட் கொட்டிக் கிடக்கிறது, விலை தரைக்கு வந்துவிடுகிறது, வாங்குவார் இல்லை. வெயில் இறங்கி எல்லார் வீட்டிலும் விளக்கும் டிவியும் ஏசியும் போட்டதும் விலை உச்சிக்குப் போய்விடுகிறது, அடித்துப் பிடித்து வாங்குகிறார்கள். பேட்டரி வைத்துச் சேமிக்கப் பார்க்கிறார்கள், அது போதவில்லை. இதையெல்லாம் ஒரு மணி நேரம் சொன்னாய். அன்றைக்கு உனக்கு நேரம் இருந்தது. அப்பா மருந்து சாப்பிட்டாரா என்று கேட்க மட்டும் நேரம் இல்லாமல் போய்விட்டது.

இதில் மாவுத் தூசி வேறு. மில்லுக்கு மேலேயே பேனல் வைத்தால் என்ன ஆகும் என்று உன் படிப்பு சொல்லவில்லையா? மெஷின் ஓட ஓட வெள்ளையாகப் புகை மாதிரி எழும்பி நேராகப் போய் அதன் மேல்தான் உட்காருகிறது. தினமும் ஏணி வைத்து ஏறித் துடைக்க வேண்டியிருக்கிறது. நான் துடைக்காத நாள் உனக்கு எப்படியோ தெரிந்துவிடுகிறது. உன் போனில் நம் பேனல் எவ்வளவு கரண்ட் தருகிறது என்று தெரியுமாமே. "ம்மா, இன்னிக்கி தொடைக்கலியா?" என்று கிண்டி ஆபீசிலிருந்து கேட்கிறாய். தூரத்திலிருந்து இவ்வளவு நுணுக்கமாக வேவு பார்க்கிற பிள்ளையை நான் எங்கும் பார்த்ததில்லை.

ஆயுத பூசை அன்றைக்கு நடந்ததை நினைத்தால் எனக்கு இப்போதும் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்தே வருகின்றன. மெஷினைக் கழுவி, மோட்டாருக்குப் பொட்டு வைத்து, தராசுக்கு, ஏணிக்கு, சாக்கு தைக்கிற ஊசிக்குக் கூடச் சந்தனம் வைத்தாயிற்று. உன் அப்பா மேலே பார்த்தார். "அதுவும் ஒழைக்குதுல்ல, அத மட்டும் வுட்டா நல்லா இருக்குமா?" என்றார். அப்போது அவர் முழங்கால் இவ்வளவு மோசமில்லை. விபூதியும் சந்தனமும் குழைத்து ஒரு சொம்பு நிறைய எடுத்துக்கொண்டு மேலே போய், ஒவ்வொரு பேனலுக்கும் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைவரை மூன்று பட்டை போட்டு, நடுவில் உள்ளங்கை அகலத்துக்குக் குங்குமமும் வைத்துவிட்டு வந்தார். கீழே இருந்து பார்த்தபோது வரிசையாகச் சாமி நெற்றிகள் வெயிலைப் பார்த்துக்கொண்டிருப்பது போல அவ்வளவு நன்றாக இருந்தது. நான் கூட இரண்டு கையும் எடுத்துக் கும்பிட்டேன்.

கற்பூரம் அணைவதற்குள் உன் போன் வந்தது. "ம்மா, அங்க மழையா?"

"மழையா? வெயிலு மண்டையப் பொளக்குது."

"அப்ப ஏன் டவுன் ஆவுது? போன்ல கிராஃபு மொத்தமும் கீழ விழுந்துடுச்சி."

"பூசை போட்டோம்டா."

"எதுக்கு?"

"எல்லாத்துக்கும்தான்."

நீ பெருமூச்சு விட்டுவிட்டுப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்குச் சொல்வது போல எனக்குச் சொன்னாய். பேனல்களெல்லாம் கைகோத்துக்கொண்டு நிற்பது மாதிரி வரிசையாக இணைந்திருக்கின்றன, அதில் ஒன்றின் மேல் நிழல் விழுந்தால் கூட அந்த வரிசையே சோர்ந்துவிடும், நீங்கள் எல்லாவற்றின் மேலும் பூசியிருக்கிறீர்கள் என்று. உடனே கழுவச் சொன்னாய். உன் அப்பா மறுத்துவிட்டார். "சாமிக்கி வெச்சத அன்னிக்கே தொடைக்கறதா? விஜயதசமி முடியட்டும், அவன் போன கீழ வைக்கச் சொல்லு" என்றார். விஜயதசமி பூசை முடிந்த பிறகுதான் கழுவி விட்டோம். அதற்குள் நீ எத்தனை முறை கூப்பிட்டாய் என்று எண்ணக்கூட முடியவில்லை. பேனலுக்கு ஒன்று என்றால் நீ துடித்துப்போகிறாய் என்பது எனக்கு அன்றைக்குத்தான் நன்றாகத் தெரிந்தது. அதை மனசில் வைத்திருக்கிறேன்.

காவடி விஷயம் உனக்குத் தெரியும், ஆனாலும் ஒருமுறை எழுதுகிறேன். நீ பிளஸ் டூ படிக்கிறபோது காமாலை வந்து, கண்ணெல்லாம் மஞ்சளாகி, தண்ணீர் கூட வயிற்றில் தங்காமல் கிடந்தாய். அது கரண்ட் இல்லாத காலம். எப்போது வரும் எப்போது போகும் என்று யாருக்கும் தெரியாது. மெஷினில் மிளகாய் பாதி அரைபட்டு நிற்கும், ஜனங்கள் டப்பாவை வரிசையில் வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். உனக்கு விசிற ஆள் மாற்றி ஆள் நின்றோம். ஒரு மத்தியானம் உன் அப்பா உன் பக்கத்தில் நின்றுகொண்டே மலையைப் பார்த்து வேண்டிக்கொண்டார். முருகா, பிள்ளை எழுந்து உட்காரட்டும், கல்யாணத்துக்கு முன்னால் அவன் தோளாலேயே உனக்குப் பூக்காவடி எடுக்க வைக்கிறேன், அதுவரைக்கும் வருஷா வருஷம் அவனுக்காக நான் எடுக்கிறேன் என்று. நீ எழுந்து உட்கார்ந்தாய். அப்போது ஈனஸ்வரத்தில் நீ சொன்னது எனக்கு நினைவிருக்கிறது. "கரண்டே போவாத மாதிரி எதனா பண்ணணும்மா." பண்ணிவிட்டாய் என்றுதான் சொல்ல வேண்டும். நீ மட்டும் தனியாகச் செய்யவில்லை, ஆனாலும் அதில் நீ இருக்கிறாய். இப்போது மெஷின் பாதியில் நிற்பதில்லை. மில்லில் நிற்கிறவர்களிடம் நான் அதைச் சொல்லாமல் விட்டதில்லை.

ஆனால் வேண்டுதல் என்ன ஆயிற்று? முதலில் காலேஜ் பரீட்சை என்றாய். பிறகு வேலைக்குப் புதிதாகச் சேர்ந்திருக்கிறேன் என்றாய். அதற்குப் பிறகு ஒவ்வொரு வருஷமும் ஒரே பதில்தான், காற்று. ஆடியில்தானே காற்று பேயாட்டம் ஆடுகிறது, அப்போதுதானே காற்றாலைகள் எல்லாம் சுற்றுகின்றன, அந்த நேரத்தில் எப்படி லீவு போடுவது என்கிறாய். முருகன் கிருத்திகையைக் காற்று இல்லாத மாதத்துக்கு மாற்றிக்கொள்ள மாட்டான், அதற்கு நான் என்ன செய்ய முடியும்? போன வருஷமும் அப்படித்தான். காலையில் காற்று பயங்கரமாக இருக்கிறது, நகர முடியாது என்று சொல்லிவிட்டாய். அப்பா காவடி கட்டிக்கொண்டு போனார். சாயங்காலம் போன் செய்து கோபத்தோடு என்ன சொன்னாய்? "பாதி காத்தாலைய நிறுத்தச் சொல்லிட்டாங்கம்மா. இவ்ளோ காத்து கொட்டுது, கரண்ட எடுத்துகினு போவ லைன் இல்ல. வேஸ்ட்டா போவுது." எனக்கு அந்த நேரத்தில் போனைத் தூக்கி மாவு மெஷினில் போட வேண்டும் போல இருந்தது. நிறுத்தி வைத்த காற்றாலைக்கு நீ காவல் இருந்திருக்கிறாய். இங்கே உன் அப்பா உனக்குப் பதிலாகப் படியில் ஒவ்வொரு வளைவிலும் உட்கார்ந்து உட்கார்ந்து ஏறிக்கொண்டிருந்தார்.

நீ ஒருமுறை சொன்னாயே, நாளைக்கு எவ்வளவு தருவோம் என்று முந்தின நாளே சொல்லிவிட்டால் அவ்வளவு தந்தாக வேண்டும் என்று. கூடினாலும் குறைந்தாலும் தண்டம் கட்ட வேண்டுமாமே. முன்னெல்லாம் காற்று நம் கையில் இல்லை என்று கொஞ்சம் விட்டுக்கொடுத்தார்கள், இப்போது அதையும் இறுக்கிக்கொண்டே வருகிறார்கள் என்று அலுத்துக்கொண்டாய். எனக்கு அந்தச் சட்டம் ரொம்பப் பிடித்தது. கையில் பிடிக்க முடியாத காற்றைப் பற்றியே சொன்ன வாக்கைக் காப்பாற்ற வேண்டும் என்கிறார்கள். நீ உன் காலைப் பற்றி, உன் பஸ்ஸைப் பற்றி, உன் லீவைப் பற்றித்தானே எங்களிடம் சொல்கிறாய். "அடுத்த வருஷம் கண்டிப்பா நான் எடுக்கறேன்ப்பா" என்று எத்தனை அடுத்த வருஷம் சொல்லியிருக்கிறாய். உனக்கு நான் தண்டம் போட ஆரம்பித்தால் நீ கட்டி மாளாது. ஹேமாவிடமும் இப்படி ஆரம்பித்துவிடாதே. வர முடியாதென்றால் முடியாது என்று சொல்லிவிடு. முடியாது என்று கேட்டுவிட்டால் மனுஷி இரண்டு நாள் அழுவாள், பிறகு தன் வேலையைப் பார்ப்பாள். வருகிறேன் என்று சொல்லிவிட்டு வராமல் இருந்தால் அவள் ஒவ்வொரு முறையும் வாசலைப் பார்ப்பாள். நான் சொல்வது எனக்கு நன்றாகத் தெரிந்த விஷயம்.

இப்போது போன செவ்வாய்க்கிழமை நடந்ததை எழுதுகிறேன். உன் அப்பா சொல்லக் கூடாது என்று என்னைத் தடுத்த விஷயம் இது. நான் பேங்க் வரைக்கும் போயிருந்தேன். திரும்பி வந்தபோது மில் வாசலில் கூட்டமாக நின்று எல்லாரும் மேலே பார்த்துக்கொண்டிருந்தார்கள். உன் அப்பா ஏணியின் நடுவில், ஒரு காலை மடக்கவும் முடியாமல் நீட்டவும் முடியாமல், இரண்டு கையாலும் ஏணியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். துடைத்த துணி தோளில் கிடந்தது. மேலே போய் எல்லாப் பேனலையும் துடைத்துவிட்டார். இறங்கும்போது முழங்கால் பூட்டிக்கொண்டது. முகமெல்லாம் வேர்த்துக் கொட்டிக்கொண்டிருந்தது. ஆனாலும் கீழே இருந்தவர்களிடம், "ஒண்ணுமில்ல, நீங்க மாவ பாருங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார். மாவு வாங்க வந்த இரண்டு பேர் ஏறி, ஒருவர் இடுப்பையும் ஒருவர் காலையும் தாங்கி, அவரை இறக்கி வைத்தார்கள்.

நான் கத்தினேன். எனக்குப் பயத்தில் வருவது கத்தல்தான், உனக்குத் தெரியுமே. "உன்ன யாரு ஏறச் சொன்னது? நான் வந்து தொடைக்க மாட்டனா?"

அவர் முழங்காலை நீவிக்கொண்டே, "தொடைக்கறதுக்கு ஏறல. படி ஏற முடியுதான்னு பாத்துகினு இருந்தேன். கிருத்திகை வருதில்ல" என்றார்.

"பஸ்ஸு மேல வரைக்கும் போவுது. அதுல போலாமில்ல?"

"காவடிய பஸ்ஸுல ஏத்தினு போறதா? இன்னா பேசற நீ?"

"அப்ப நான் எடுக்கறேன். எத்தினி பொம்பளைங்க எடுக்கறாங்க."

"அவன் பேர்ல வேண்டினது. ஒண்ணு அவன் எடுக்கணும், இல்லன்னா நான் எடுக்கணும். வாக்கு குடுத்தவன் நான்தான." சொல்லிவிட்டு அவர் பாயைப் போட்டு மூட்டைகளுக்குப் பக்கத்திலேயே படுத்துவிட்டார்.

அன்றைக்குச் சாயங்காலம் நீ கூப்பிட்டாய். எப்படியோ தெரிந்து கூப்பிடுகிறான், ரத்த பாசம் இழுக்கிறது என்று ஓடிப்போய் எடுத்தேன். நீ சந்தோஷமாக, "ம்மா, இன்னிக்கி பேனலு செம க்ளீனா கீது போல, ஜெனரேஷன் சூப்பரா வந்துருக்கு. இதே மாதிரி டெய்லி பண்ணு" என்றாய். உன் அப்பா படுத்த இடத்திலிருந்தே வேண்டாம் என்று கையை ஆட்டினார். நான் "ஆங்" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். என் வாழ்க்கையில் அவ்வளவு சின்னதாக நான் பேசியதே கிடையாது. இங்கே தூசி துடைத்தது அங்கே உனக்குத் தெரிகிறது, துடைத்தது யார் என்று தெரியவில்லை. அந்தக் கருவியைச் செய்தவர்களைக் குறை சொல்ல மாட்டேன், அதற்குக் கரண்ட் மட்டும்தான் தெரியும். உனக்கு அதற்கு மேலும் தெரியும் என்று நினைத்திருந்தேன். எனக்கு அன்றைக்கு மனசு விட்டுப்போயிற்று.

நீ வந்து எதையும் தலைகீழாக மாற்ற வேண்டாம். வேலையை விட வேண்டாம், ஊரோடு வந்து உட்கார வேண்டாம், மில்லைப் பார்த்துக்கொள் என்று நான் சத்தியமாகக் கேட்கவே மாட்டேன். இந்த வேலை வளர வேண்டும், நீயும் அதில் வளர வேண்டும். நாளைக்கு உன் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் ஃபேன் சுற்றிக்கொண்டிருக்க வேண்டும். நான் கேட்பது ஒரு நாள், கல்யாணத்துக்கு முன்னால் மிஞ்சியிருக்கிற இந்தக் கடைசி ஆடியில். விடிகாலையில் சரவணப் பொய்கையில் ஒரு முழுக்கு, தோளில் ஒரு காவடி, அந்தப் படி, ஒரு தரிசனம். உன் இடத்தில் ஒரு நாள் காற்றைப் பார்க்க உன் ஆபீசில் இன்னொருவர் இருப்பார். உன் இடத்தில் படி ஏற இங்கே இருப்பவர் உன் அப்பா மட்டும்தான்.

கடைசியாக நான் என்ன செய்யப் போகிறேன் என்று சொல்லிவிடுகிறேன், பிறகு முன்பே சொல்லவில்லையே என்று கேட்கக் கூடாது. ஒவ்வொரு ஆடிக்கும் அப்பாவுக்கு மஞ்சள் வேட்டி எடுக்கும்போது உனக்கும் ஒன்று எடுத்து வந்திருக்கிறேன். எல்லாம் மடிப்புக் கலையாமல் பீரோவில் இருக்கின்றன. கிருத்திகைக்கு முந்தின நாள் காலையில் நன்றாக வெயில் ஏறியதும், அதில் ஒரே ஒரு வேட்டியைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து உன் பேனல் மேல் விரித்துக் காயப்போடப் போகிறேன். காற்றில் பறக்காமல் நாலு மூலையிலும் தராசுப் படிக்கல் வைப்பேன். ஒன்று போதும், ஒன்றின் மேல் நிழல் விழுந்தால் வரிசையே சோர்ந்துவிடும் என்று சொல்லிக் கொடுத்தவன் நீதான். உன் போனில் எல்லாம் விழும். நீ கூப்பிடுவாய். நான் எடுக்க மாட்டேன், அப்பாவும் எடுக்க மாட்டார், மில்லைப் பூட்டிவிட்டு அவர் போனையும் என் கூடையிலேயே போட்டு வைத்திருப்பேன். மழையா, பூசையா, ஒயர் அறுந்துவிட்டதா என்று அங்கே உட்கார்ந்து நீ என்ன கணக்குப் போட்டாலும் உனக்குத் தெரியப் போவதில்லை. பஸ் ஏறி வந்து நீயே பார்த்துக்கொள்.

ஏணியைக் கூரையில் சாய்த்தே வைத்திருக்கிறேன். ஏறிப் போய் அந்த வேட்டியை எடு. அதற்குள் காய்ந்திருக்கும். இடுப்பில் கட்டிக்கொண்டு கீழே இறங்கி வா, அப்பா அதற்குள் காவடிக்குப் பூக் கட்டி முடித்திருப்பார்.

இப்படிக்கு,
வாசலைப் பார்த்துப் பார்த்துக் கோபம் தணியாத உன் அம்மா